அலட்சியமான நிறுவனத்தை ஹேக் செய்து அம்பலப்படுத்துவது நியாயமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாடிக்கையாளராக இருக்கும் ஒரு நிறுவனத்தின் தளத்தில் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால், புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லாமல், நீங்கள் முன்பு வைத்த அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கிறார்கள். மூன்று முறை எழுதிச் சொல்லிவிட்டீர்கள். ஒரு பதிலும் இல்லை. ‘இவர்களை யாராவது ஹேக் செய்து எடுத்ததை வெளியே போட்டால்தான் திருந்துவார்கள். அப்படிச் செய்பவரைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்ல முடியும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஹேக்கிங் சரியா தவறா என்று பொதுவாகக் கேட்டிருந்தால் பதில் சில வரிகளில் முடிந்திருக்கும். நீங்கள் கேட்பது அதைவிடக் கடினமான ஒன்று: முறையாகத் தட்டிய கதவு எதுவும் திறக்காதபோது, உடைத்துக்கொண்டு உள்ளே போகும் உரிமை யாருக்காவது வருமா?

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பதில் அங்கிருந்துதான் வருகிறது. ஊடுருவல் நடந்து முடிந்த பிறகு நிறுவனங்களுக்குள் போய், யார் வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள், எதை எடுத்தார்கள் என்று தேடுவது என் வேலை. 14 ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். அதனால் உடைத்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். சட்டம், என் வேலையில் குறுக்கிட்ட அளவுக்குத்தான் தெரியும். நான் வழக்கறிஞர் இல்லை. அறம் பற்றி என்னிடம் இருப்பது இந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரின் கருத்து மட்டுமே. அதில் எங்கே தடுமாறுகிறேன் என்பதையும் கீழே சொல்கிறேன்.

உங்கள் கோபத்தில் தவறே இல்லை. பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்கக் கூடாது, பழைய வடிவத்துக்குத் திருப்ப முடியாதபடி உருமாற்றித்தான் சேமிக்க வேண்டும் என்பது 1970களிலேயே யூனிக்ஸ் கணினிகளில் நடைமுறைக்கு வந்துவிட்ட விஷயம். ஹேஷ் என்று சொல்வது அதைத்தான். ஒழுங்காக ஹேஷ் செய்து வைத்திருக்கும் நிறுவனத்துக்கு உங்கள் பாஸ்வேர்ட் என்னவென்றே தெரியாது. நீங்கள் மறந்துவிட்டால் புதியது வைக்கச் சொல்லலாமே தவிர, பழையதை எடுத்துத் தர அவர்களால் முடியாது. எடுத்துத் தருகிறார்கள் என்றால் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள், அல்லது நினைத்தபோது படிக்கக்கூடிய வடிவில் வைத்திருக்கிறார்கள். எதுவானாலும் ஆபத்துதான். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து இப்படித்தான் 3.2 கோடிக் கணக்குகளின் பாஸ்வேர்டுகள் எழுத்து மாறாமல் வெளியே வந்தன. பாஸ்வேர்ட் உடைக்கக் கற்றுக்கொள்பவர்கள் இன்றும் முதலில் கையில் எடுக்கும் பட்டியல் அதுதான். அதில் இருப்பவர்களில் பலருக்கு அப்படி ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கியதே மறந்துபோயிருக்கும்.

பெரிய நிறுவனம் என்றால் கவனமாக இருக்கும் என்றும் நம்ப முடியாது. அமெரிக்கர்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து விற்கும் ஈக்விஃபாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே பேட்ச், அதாவது அதை அடைக்கும் திருத்தம், வந்துவிட்டது. உரிய இடத்தில் போடவில்லை. மே மாதம் உள்ளே வந்தவர்கள் ஜூலை கடைசி வரை இருந்தார்கள். வெளியே போகும் தரவைக் கவனிக்க ஒரு கருவி இருந்தது. அது இயங்கத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, யாரும் மாதக்கணக்கில் புதுப்பிக்காததால் அது கண் தெரியாமல் கிடந்தது. புதுப்பித்தவுடன் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டுவிட்டது. அதற்குள் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்திடம் எதையும் தாங்களாகக் கொடுத்தவர்கள் இல்லை; மற்றவர்கள் வழியாக அவர்களுடைய விவரம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. 2019இல் அரசு அமைப்புகளோடு செய்துகொண்ட உடன்பாட்டில் குறைந்தது 57.5 கோடி டாலர் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த தேதியை என்ன செய்வது? இப்படிப்பட்ட அலட்சியத்துக்குத் தண்டனை வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். அலட்சியமான நிறுவனத்தை உடைத்து, எடுத்ததை வெளியே போடுவது தவறு என்பதுதான் என் முடிவு. நிறுவனத்தின் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. உள்ளே இருப்பது உங்களைப் போன்றவர்கள் நம்பிக் கொடுத்து வைத்தது. லாக்கர் வைத்திருப்பவர் சரியாகப் பூட்டவில்லை என்பதற்காக, உள்ளே இருந்த ஊரார் நகைகளை அள்ளித் தெருவில் கொட்டினால் லாக்கர்காரருக்குத் தலைகுனிவு; நகை போவது யாருக்கு? இந்த ஒப்பீடுகூடப் பாதிதான் பொருந்தும். தொலைந்த நகை சில நேரம் திரும்பக் கிடைக்கும். வெளியே வந்த தரவை எத்தனை பேர் நகலெடுத்தார்கள் என்று எண்ணவே முடியாது, திரும்ப உள்ளே வைப்பது எப்படி?

‘நல்ல எண்ணத்தோடு வருபவர் எதையும் எடுக்க மாட்டாரே, ஓட்டையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாரே’ என்று நீங்கள் சொல்லலாம். நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேமித்து வைக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். அவர்களுடைய சர்வரில் யாரோ ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை விட்டுப் போயிருந்தார். திறந்தால் மூன்றே வரி. ‘உங்கள் தரவுத்தளம் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. நான் எதையும் எடுக்கவில்லை. உடனே மூடுங்கள்.’ நிர்வாகத்தில் ஒருவருக்குப் பெரிய நிம்மதி. ‘எடுக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறாரே, ஓட்டையை அடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமே’ என்றார். சர்வரில் நடப்பதையெல்லாம் வரி வரியாகப் பதிவுசெய்யும் லாக்கைத் திறந்தேன். அதிகாலை 2 மணி 41 நிமிடத்தில், நோயாளிகளின் பெயர்கள் இருந்த டேபிளை (தரவு அட்டவணையை) யாரோ முழுக்கப் படித்திருந்தார்கள். மறுநாள் அதே டேபிளை இன்னொரு முகவரியிலிருந்து படித்திருந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரியான வரிகள்: நேரம், முகவரி, கேட்ட டேபிள், போன பைட்டுகளின் எண்ணிக்கை. வந்தவருடைய மனசு லாக்கில் பதிவாவதில்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மேலே போய்ப் பார்த்தால், ஒன்பது நாள் லாக் காணவில்லை. அழித்த கட்டளை, அந்த மூன்று வரிக் குறிப்பு எழுதப்பட்ட அதே இணைப்பிலிருந்து வந்திருந்தது. தான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தன் தடத்தை அழிக்கப் போய், மொத்தத்தையும் அழித்துவிட்டார். அவருக்கு முன்பே அந்த வழியாக வந்து அள்ளிக்கொண்டு போன திருடர்கள் இருந்திருந்தால், அவர்களுடைய தடமும் அதோடு போயிற்று.

என்ன போனது என்று நிரூபிக்க முடியாதபோது எல்லாமே போனதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் கடிதம் போனது. ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டவர்களும் அதில் இருந்தார்கள். கடிதம் கிடைத்த ஒரு பெண் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘எங்க வீட்ல யாராவது பார்த்திருப்பாங்களா?’ தெரியாது என்பதைத் தவிர அவரிடம் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. குறிப்பு எழுதியவர் கெட்டவர் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே பதிலை அழித்ததும் அவர்தான்.

இன்னொன்றும் நடந்தது. நிறுவனத்தின் அறிக்கை ‘நாங்கள் ஒரு குற்றத் தாக்குதலுக்கு ஆளானோம்’ என்று தொடங்கியது. பாஸ்வேர்டே போடாமல் தரவுத்தளத்தைத் திறந்து வைத்திருந்தவர்கள், ஒரே இரவில் பாதிக்கப்பட்டவர்களாகிவிட்டார்கள். இதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். உடைக்கும் வரை ‘ஏன் பூட்டவில்லை’ என்ற கேள்விக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். உடைத்த பிறகு ‘யார் உடைத்தது’ என்ற கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். தண்டிக்கப் போனவர் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு வருவது பெரும்பாலும் தப்பிக்க ஒரு சாக்கைத்தான்.

வெளியே போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் நடந்த ஆஷ்லி மேடிசன் விவகாரத்தைப் பாருங்கள். திருமணத்துக்கு வெளியே ரகசிய உறவு தேடுபவர்களுக்கான தளம் அது. இம்பாக்ட் டீம் என்று பெயர் வைத்துக்கொண்ட குழு உள்ளே புகுந்தது. அவர்கள் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று: 19 டாலர் கட்டினால் உங்கள் விவரங்களை முழுக்க அழித்துவிடுகிறோம் என்று பணம் வாங்கிவிட்டு, நிறுவனம் முழுக்க அழிப்பதில்லை. கோபப்பட வேண்டிய விஷயம்தான். தளத்தை மூடு, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் வெளியிடுவோம் என்றார்கள். மூடவில்லை, ஆகஸ்டில் 3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்களை வெளியிட்டார்கள். அந்தத் தளம் மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்க்காமலேயே கணக்குத் தொடங்க விட்டதால், யாரோ விளையாட்டாகக் கொடுத்த அடுத்தவர் முகவரிகளும் அதில் இருந்தன. பணம் கொடு, இல்லாவிட்டால் குடும்பத்துக்குச் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டல் மின்னஞ்சல்கள், ஹேக் செய்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களிடமிருந்தெல்லாம் வந்தன. அமெரிக்காவில் மதபோதகர் ஒருவர் பட்டியல் வெளியான சில நாட்களில் உயிரை மாய்த்துக்கொண்டார். தலைமை நிர்வாகி பதவி விலகினார், நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொண்டது, தளம் தொடர்ந்து நடந்தது.

2022இல் ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் நடந்தது இன்னும் நெருக்கமாக உங்கள் கேள்வியைத் தொடுகிறது. எந்த அடையாளச் சரிபார்ப்பும் இல்லாத ஒரு இணைய வாசல் வழியாக ஏறத்தாழ 98 லட்சம் பேரின் விவரங்கள் எடுக்கப்பட்டன. எடுத்தவர் 10 லட்சம் டாலர் கேட்டார், சுமார் 10,000 பேரின் விவரத்தை வெளியே போட்டார், பிறகு மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கினார். உங்களைத் தொடர்புகொள்ள ஒரு வழி இருந்திருந்தால் ஓட்டையைச் சொல்லியிருப்பேன் என்றும் எழுதினார். பணம் கேட்டவர் சொல்வதை எவ்வளவு நம்புவது என்பது வேறு. ஆனால் தொடர்புகொள்ள வழியே வைக்காத நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன என்பது உண்மை. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. அவர் பின்வாங்கிய பின்பு, வேறொரு 19 வயது இளைஞர் அந்த 10,000 பேர் பட்டியலை எடுத்து, அதிலிருந்து 93 பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, ஆளுக்கு 2,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டார். வெளியிட்டவர் அழித்துவிட்டேன் என்று சொல்வதில் பொருளே இல்லை. முதல் கையிலிருந்து நழுவிய பிறகு அது யாருடைய கட்டுப்பாட்டிலும் இருக்காது.

உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கும் வழக்கும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2015 நவம்பரில், குழந்தைகளுக்கான மின்னணுப் பொம்மைகள் விற்கும் விடெக் நிறுவனத்தின் தரவுத்தளத்துக்குள் ஒருவர் போனார். சுமார் 48 லட்சம் பெற்றோரின் கணக்குகளும், லட்சக்கணக்கான குழந்தைகளின் பெயர், பிறந்தநாள், புகைப்படம், பெற்றோரோடு பேசிய அரட்டை எல்லாமும் அங்கே இருந்தன. அவர் எதையும் இணையத்தில் போடவில்லை. ஒரு பத்திரிகையாளரிடம் காட்டினார். அந்தப் பத்திரிகையாளர் கேட்கும் வரை தன் வீட்டுக்குள் ஒருவர் வந்து போனதே நிறுவனத்துக்குத் தெரியாது. 2018இல் அமெரிக்க வணிக ஆணையம் 6.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அவர் போகாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை காலம் அந்தப் படங்கள் திறந்து கிடந்திருக்கும்? இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது. ஆனாலும் ஒன்று சொல்வேன். ஓட்டை இருக்கிறது என்று காட்டச் சில வரிகள் போதும். குழந்தைகளின் படங்களை மூட்டை மூட்டையாக இறக்கிக்கொள்ளத் தேவையில்லை. அந்த நொடியிலிருந்து அந்தப் படங்கள் இரண்டு இடங்களில் இருந்தன, இரண்டாவது இடத்தின் பாதுகாப்புக்கு யாரும் பொறுப்பில்லை.

எதையும் எடுக்காமல், சரிசெய்துவிட்டு மட்டும் போகலாமே என்ற யோசனையும் பழையதுதான். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் பரவியபோது, அதை நீக்கிவிட்டு மைக்ரோசாஃப்டின் பேட்சையும் போட்டுவிடும் வெல்சியா என்ற இன்னொரு வைரஸை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். அது அடுத்த கணினியைத் தேடித் தேடி அனுப்பிய செய்திகளே நெட்வொர்க்குகளை அடைத்தன. ஏர் கனடாவின் பயணப் பதிவு முடங்கியது, அமெரிக்கக் கடற்படையின் உள் நெட்வொர்க்கும் திணறியது. 2017இல் பிரிக்கர்பாட் என்ற தாக்குதல் நிரலை எழுதியவர் இன்னும் ஒரு படி போனார். தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் கிடக்கும் கேமராக்களையும் மோடம்களையும் கண்டுபிடித்து, நினைவகத்தை அழித்து, நிரந்தரமாகச் செத்துப்போக வைத்தார். தாக்குதல்காரர்கள் அவற்றைப் படையாகத் திரட்டிவிடாமல் தடுப்பதாகச் சொன்னார். அவர் சொன்ன ஆபத்து உண்மை. ஆனால் மோசமாகத் தயாரித்த நிறுவனம் ஏற்கெனவே பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டது. செத்த மோடத்துக்குப் பதில் புதிது வாங்கியது வீட்டில் இருந்தவர்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் வரும் இடம் வேறு. நிறுவனத்தின் அலட்சியம் குற்றமாக இல்லாமல், நிறுவனத்தின் தொழிலே தீங்காக இருந்தால்? இத்தாலியின் ஹேக்கிங் டீம் அரசாங்கங்களுக்கு உளவு மென்பொருள் விற்றது. 2015 ஜூலையில் ஃபினியாஸ் ஃபிஷர் என்ற பெயரில் இயங்கியவர் அதற்குள் புகுந்து 400 ஜிகாபைட் ஆவணங்களை வெளியிட்டார். சூடான் போன்ற அரசுகளோடு அவர்கள் செய்த வியாபாரம் அப்படித்தான் உலகத்துக்கு உறுதியானது. அங்கே வெளியானது பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தக் கணக்கு வழக்கு. வாடிக்கையாளரின் நோய்ப் பட்டியல் இல்லை. அதனால் அதைத் தவறு என்று ஒரே அடியாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சரி என்று சொல்லவும் முடியவில்லை. அந்த ஆவணங்களோடு வெளியான, அப்போது பல கணினிகளில் இருந்த ஃப்ளாஷ் மென்பொருளின் ஓட்டையைக் குற்றக் கும்பல்கள் சில நாட்களுக்குள் தங்கள் கருவிகளில் சேர்த்துக்கொண்டு, சாதாரண மக்களின் கணினிகளைத் தாக்கின. இந்த இடத்தில் நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உங்கள் நிறுவனம் அந்த வகையைச் சேர்ந்தது இல்லை. சோம்பேறித்தனம் வேறு, கொடுமை வேறு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். நோக்கம் நல்லதாக இருந்தாலும் தப்பிவிட முடியும் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனின் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுநலனுக்காகச் செய்தேன் என்ற வாதத்துக்குத் தனி இடமே இல்லை. 2010இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி&டி தளத்தின் முகவரியில் ஓர் எண்ணை மாற்றி மாற்றி 1,14,000 ஐபேட் பயனர்களின் மின்னஞ்சல்களை எடுத்து ஊடகத்திடம் கொடுத்த வழக்கில் ஒருவருக்கு 41 மாதச் சிறை விதிக்கப்பட்டது. 2014இல் அது ரத்தானது, ஆனால் தவறான மாநிலத்தில் வழக்கு நடந்தது என்ற காரணத்துக்காக. எண்ணை மாற்றிப் பார்ப்பது குற்றமா என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு முடித்து வைக்கவில்லை. கொஞ்சம் காற்று மாறியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு ஆய்வு செய்பவர்கள் மேல் வழக்குத் தொடுக்கக் கூடாது என்று 2022இல் அமெரிக்க நீதித்துறை தன் வழக்கறிஞர்களுக்குச் சொன்னது. பெல்ஜியம் 2023இல் சட்டமே கொண்டுவந்தது: தேவைக்கு மேல் எதையும் செய்யாமல், உடனே தெரிவித்து, அனுமதியின்றி வெளியிடாமல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. உங்கள் நாட்டில் என்ன நிலை என்பதை அங்குள்ள வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், நீங்கள் கையில் வைத்திருப்பதைக் குறைவாக நினைக்காதீர்கள். உங்கள் சொந்தப் பாஸ்வேர்ட் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அப்படியே வந்திருக்கிறது. யாருடைய சர்வரையும் தொடாமல், யாருடைய தரவையும் பார்க்காமல் கிடைத்த முழுமையான ஆதாரம் அது. தேதியோடு அதைப் படம் பிடித்து வையுங்கள், மின்னஞ்சலின் மூல வடிவத்தையும் (அனுப்பிய சர்வர், நேரம் போன்ற விவரங்களோடு கூடிய முழு வடிவம்) சேமியுங்கள். இதுபோக, ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்கைப் பார்க்க முடிகிறதா என்ற சந்தேகம் வந்தால், இரண்டு கணக்குமே உங்களுடையதாக இருக்கும்போது மட்டும் பாருங்கள், அதையும் அந்தத் தளத்தின் விதிகளைப் படித்த பிறகு. மூன்றாவது ஒருவரின் பெயர் திரையில் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகவரியில் இன்னொரு எண்ணை மாற்றிப் பார்க்காதீர்கள்.

2019இல் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற அமெரிக்கச் சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனத்தில் ஏறத்தாழ அப்படித்தான் நடந்தது. நிலவணிகத்தில் இருந்த ஒருவர், தனக்கு அனுப்பப்பட்ட ஆவண இணைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் வேறொருவர் ஆவணம் திறப்பதைக் கவனித்தார். 2003 வரை பின்னோக்கிச் செல்லும் 88.5 கோடிக் கோப்புகள் அப்படித் திறந்து கிடந்தன. நிறுவனத்திடம் சொன்னார், உருப்படியான பதில் இல்லை. மொத்தத்தையும் இறக்கி வெளியே போடவில்லை அவர். பாதுகாப்பு பற்றி எழுதும் பத்திரிகையாளர் ஒருவரிடம் போனார். அந்தப் பத்திரிகையாளர் கேட்டதும் அந்த வாசல் மூடப்பட்டது. பிறகு விசாரணையில், நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே மாதங்களுக்கு முன்பு இந்த ஓட்டை தெரிந்திருந்தும் சரிசெய்யாமல் விட்டது வெளிவந்தது. 2023இல் நியூயார்க் நிதிச் சேவைத் துறையிடம் 10 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அங்கே நிறுவனம் எங்களை யாரோ தாக்கிவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த வழி எப்போதும் வெல்லும் என்று பொய் சொல்ல மாட்டேன். 2021 ஏப்ரலில் நெதர்லாந்தின் டிஐவிடி என்ற தன்னார்வ அமைப்பு, பல நிறுவனங்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படும் கசேயாவின் மென்பொருளில் ஓட்டைகளைக் கண்டுபிடித்து ரகசியமாகத் தெரிவித்தது. நிறுவனம் ஒத்துழைத்தது, சரிசெய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடிவதற்குள் ஜூலை 2ஆம் தேதி ரீவில் என்ற குற்றக் கும்பல் அதே மென்பொருளில் புகுந்து, நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. காத்திருப்பதற்கும் விலை உண்டு. அதனால்தான் இந்தத் துறையில் கெடு வைக்கும் பழக்கம் வந்தது. மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு பொதுவாக 90 நாள் தருகிறது. அதற்குள் சரிசெய்யாவிட்டால் ஓட்டையைப் பற்றிய விவரத்தை வெளியிடும். ஓட்டையைப் பற்றிய விவரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த வழியில் மக்களின் தரவை எவரும் வெளியிடுவதில்லை.

உங்கள் மூன்று கடிதங்களும் வாடிக்கையாளர் சேவைக்குத்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஹேஷ் என்றால் என்னவென்று தெரிய வாய்ப்பு குறைவு. நான்காவதை வேறு இடத்துக்கு அனுப்புங்கள். பாதுகாப்புப் பிரச்சினையை யாரிடம் சொல்வது என்பதை ‘security.txt’ என்ற கோப்பில் தளத்திலேயே எழுதி வைக்கும் வழக்கம் 2022இல் இணைய வழிகாட்டி ஆவணமாகவும் வெளியாகியிருக்கிறது. அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் தரவுப் பாதுகாப்பு அலுவலரின் முகவரி இருக்கலாம். நீங்கள் கண்டது என்ன, எந்தத் தேதியில், அது ஏன் ஆபத்து, எந்தத் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். பணமோ பரிசோ கேட்காதீர்கள்; கேட்ட நொடியில் அது மிரட்டலாகப் படிக்கப்படும். நாட்டின் கணினி அவசர உதவிக் குழுவுக்கும் (CERT) தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள். பதில் சொல்லாத நிறுவனங்கள், நகல் போகும் முகவரிகளைப் பார்த்ததும் பதில் சொல்வதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். கெடு முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பத்திரிகையாளரிடம் போகலாம், உங்கள் சொந்த மின்னஞ்சலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு. கடிதத்தை எழுதி முடித்ததும் எனக்குக் காட்டுங்கள். தொழில்நுட்பப் பகுதியைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அதற்கு முன்னால், இன்றைக்கே ஒன்று செய்துவிடுங்கள். அந்தத் தளத்தில் வைத்த பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ, அங்கெல்லாம் மாற்றிவிடுங்கள். மின்னஞ்சலின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், அடுத்து வங்கிக் கணக்கினுடையதை.